கொடி, கப்பல், ராஜா: பழைய ஆங்கில ரீடருக்குள் பேரரசு புகுந்த விதம்

'ரீடர்' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. வாசகப் புத்தகம் என்று நம் பள்ளிகளில் புழங்கியது அதுதான். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் எழுதிய பாலபாடமும் ஏறக்குறைய அந்த வகைதான். எழுத்துக்கூட்டத் தெரிந்துவிட்ட பிள்ளை தடங்கலில்லாமல் வாசிக்கப் பழகுவதற்கான புத்தகம். அறிவு புகட்டுவது அதற்கு இரண்டாவது வேலை. முதல் வேலை நாக்கைப் பழக்குவது.

1900 வாக்கில் இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளியில் புழங்கிய ஒரு ரீடரைப் புரட்டினால் யானை பற்றி ஒரு பாடம் இருக்கும். சிக்கனம் பற்றி ஒன்று, ஈசாப் கதை ஒன்று, நிலக்கரிச் சுரங்கம் பற்றி ஒன்று, நடுவில் டிராஃபல்கர் கடற்போர், அடுத்து ஒரு பாட்டு. தேசபக்தி என்று தனிப் பாடவேளை கிடையாது. ஆனாலும் அந்தப் பள்ளிகளில் படித்து வெளியே வந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு கடற்படைத் தளபதி நெல்சனைத் தெரியும், கிளைவைத் தெரியும், உலகப் படத்தில் சிவப்பாக இருப்பதெல்லாம் 'நம்முடையது' என்பது தெரியும். இது எப்படி நடந்தது என்று கேட்பவர்கள் வழக்கமாகப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடுவார்கள். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பார்ப்பதுதான் சரியான ஆரம்பம். பிரிட்டிஷ் பேரரசு அங்கே பாடமாக வந்ததைவிடப் பயிற்சியாக வந்தது அதிகம்.

வாசித்தால் காசு

கதை 1862இல் தொடங்குகிறது. அப்போது பிரிட்டிஷ் அரசில் கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ, பள்ளிகளுக்கான மானியத்தைத் தேர்வோடு கட்டிப்போட்டார். வருகைக் கணக்கில் பிள்ளைக்கு 4 ஷில்லிங். அதற்கு மேல், போதிய வேளைகள் வந்த பிள்ளை இன்ஸ்பெக்டர் முன்னால் தேறினால் 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பங்கு. ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ். வாசிப்பில் தடுமாறினால் அந்த 2 ஷில்லிங் 8 பென்ஸ் போச்சு. பல பள்ளிகளில் ஆசிரியரின் சம்பளமே இந்த மானியத்தைப் பார்த்துத்தான் நிர்ணயமானது.

வாசிப்புத் தேர்வுக்கு ஆறு படிகள். முதல் படியில் ஓரசைச் சொற்களால் ஆன சின்னக் கதை. இரண்டாவதில் அதற்கு அடுத்த கடினத்தில் ஒன்று. மூன்றாம், நான்காம் படிகளில் பள்ளியில் பயன்படும் ரீடரிலிருந்து ஒரு பத்தி. ஐந்தாவதில் ரீடரிலிருந்து சில வரிப் பாட்டு. ஆறாவதில் செய்தித்தாளில் வருவது போன்ற ஒரு பத்தி. 'பள்ளியில் பயன்படும் ரீடரிலிருந்து' என்ற இடத்தைக் கவனியுங்கள். இன்ஸ்பெக்டர் கேட்கப்போவது அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே வருஷம் முழுக்க அந்த ஒரே புத்தகத்தை மறுபடி மறுபடி உரத்து வாசிக்க வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிள்ளைகள் பக்கம் தவறாமல் ஒப்பிக்கிறார்கள் என்பது அக்காலத்தில் அடிக்கடி கேட்ட புகார். நம் ஊர் மனப்பாடக் கல்வியைத் திட்டுகிறவர்கள் அது எங்கிருந்து வந்தது என்றும் கொஞ்சம் பார்க்கலாம்.

தேர்வுக்குக் காசு என்ற இந்த முறை 1890களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. அலமாரியில் இருந்த புத்தகங்களும் போகவில்லை. 1880களிலிருந்து மேல் வகுப்புகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரீடர்கள் தேவைப்பட்டதால் 'வரலாற்று ரீடர்', 'புவியியல் ரீடர்' என்று புதுப் புதுத் தொடர்கள் வந்து குவிந்தன. வரலாறு தனிப் பாடமாக எல்லாப் பள்ளிக்கும் கட்டாயமாவதற்கு முன்பே வாசிப்புப் பயிற்சி என்ற பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு பாடத்தின் உடற்கூறு

இந்த ரீடர்களின் பாடங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. தலைப்புக்குக் கீழே புதுச் சொற்களின் பட்டியல், அசை பிரித்து. பிறகு ஒரு படம். பிறகு இரண்டு மூன்று பக்கக் கதை. பத்திகளுக்கு 1, 2, 3 என்று எண். ஒரு பிள்ளைக்கு ஒரு பத்தி என்று வரிசையாக எழுந்து வாசிப்பதற்கு இந்த எண் மிக வசதி. கடைசியில் அருஞ்சொற்பொருளும் கேள்விகளும். சில பாடங்களுக்கு ஒருமுறை மனப்பாடப் பாட்டு.

இந்த வடிவமே எந்தக் கதை உள்ளே வரலாம் என்பதைப் பாதி தீர்மானித்துவிட்டது. பத்தி பத்தியாகப் பிரிக்க வேண்டுமென்றால் சம்பவம் வேண்டும்: புறப்பாடு, ஆபத்து, துணிவு, வெற்றி அல்லது வீரமரணம். பஞ்சத்தின் காரணம், நிலவரி வசூல், கம்பெனியின் லாபக் கணக்கு எல்லாம் இந்த அச்சில் ஒட்டாது. முற்றுகை அழகாக ஒட்டும். கடற்போர் அதைவிட அழகாக ஒட்டும்.

சின்ன வகுப்பில் இது இன்னும் வேடிக்கை. ஓரசைச் சொற்களால் மட்டும் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஆங்கிலத்தில் உட்கார்ந்து பாருங்கள். கிங், குயின், ஃப்ளாக், ஷிப், ஸீ, ஸோர்ட், ஃபைட், பிரேவ், டிரம்: எல்லாம் ஓரசை. காலனி, பார்லிமென்ட், கம்பெனி, ஃபாமின் எதுவும் ஓரசை இல்லை. எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு ராஜாவும் கொடியும் கப்பலும்தான் 'சுலபமான' சொற்கள். யாரும் உட்கார்ந்து சதி செய்ய வேண்டிய அவசியமில்லை. மொழியே பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. பள்ளிக்கு வெளியே நிலைமை இன்னும் நேரடி. 1899இல் லண்டனில் வெளியான ஒரு படப் புத்தக அரிச்சுவடியில் 'ஏ' என்றால் ஆர்மி, 'என்' என்றால் நேவி. அது நிஜமான பக்தியா, கொஞ்சம் கிண்டலா என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியாத தொனி.

ஆற்காட்டுக் கஞ்சி

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த மண்ணிலேயே எடுத்துக்கொள்ளலாம். கிளைவின் ஆற்காட்டு முற்றுகை, ஆங்கிலச் சிறுவர் வாசிப்பில் சலிக்காமல் திரும்பத் திரும்ப வந்த கதைகளில் ஒன்று.

நடந்தது இது. கர்நாடக நவாப், அதாவது ஆற்காட்டு நவாப், பதவிக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக் கம்பெனி, முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலக் கம்பெனி. முகமது அலி திருச்சிராப்பள்ளியில் முற்றுகையில் சிக்கியிருந்தார். எதிரியின் கவனத்தைத் திருப்ப, 1751 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் ஆற்காட்டுக்குக் கிளம்பினார். கோட்டைக் காவலர்கள் சண்டையில்லாமலே ஓடிவிட, கோட்டை கைக்கு வந்தது. பிறகு சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் வந்து வளைத்துக்கொண்டார். முற்றுகை 50 நாள். கடைசித் தாக்குதல் நவம்பரில் முறிந்தது.

1840இல் மெக்காலே கிளைவைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் ஒரு காட்சி வருகிறது. கோட்டைக்குள் உணவு தீர்ந்துகொண்டே போகிறது. சிப்பாய்கள் கிளைவிடம் வருகிறார்கள். முறையிடுவதற்கு அல்ல. சோற்றையெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்குத்தான் அதிக ஊட்டம் தேவை, வடிக்கிற கஞ்சி எங்களுக்குப் போதும் என்கிறார்கள். பள்ளி ரீடர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் போன்ற காட்சி. சின்னது, உருக்கமானது, ஒரு பத்திக்குள் அடங்குவது.

இப்போது இதை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். சோறு வடிப்பதைப் பார்த்தே இராத ஒரு லங்காஷயர் பிள்ளைக்கு இந்தக் கஞ்சி என்னவென்று புரிய வாய்ப்பில்லை. ஓட்ஸ் கஞ்சி போல் ஏதோ ஒன்று என்று நினைத்திருக்கும். நமக்குத் தெரியும்: வடிகஞ்சி மாட்டுக்கு ஊற்றுவது, துணிக்குப் போடுவது, இல்லாத வீட்டில் உப்புப் போட்டுக் குடிப்பது. ஆக, சிப்பாய்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதன் கனம் நமக்குத்தான் முழுதாக எட்டும். ரீடருக்கு அந்தக் கனம் தேவைப்படவில்லை. அதற்குத் தேவைப்பட்டது விசுவாசம்.

அடுத்தது பெயர். கிளைவுக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, பிள்ளைப் பருவக் குறும்பும் உண்டு. மார்க்கெட் டிரேட்டன் தேவாலயக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்த சிறுவன் என்று பாடம் ஆரம்பிப்பதுண்டு. கஞ்சி குடித்தவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை, ஊர் இல்லை. மூன்றாவது, புகழ் யார் கணக்கில் ஏறுகிறது என்பது. மெக்காலேயே இதைச் சிப்பாயின் விசுவாசத்துக்குச் சான்றாகவும், ஆளத் தெரிந்த ஒரு மனதின் செல்வாக்குக்குச் சான்றாகவும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். வயிற்றைக் காயப்போட்டவன் ஒருவன், பெருமை வேறொருவனுக்கு. நான்காவது, விட்டுப்போனது. இது இரண்டு வாரிசுகளின் சண்டை, இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு பக்கம் பணம் வைத்து ஆடிய ஆட்டம் என்பதெல்லாம் இரண்டு பக்கப் பாடத்தில் அடங்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு கோட்டை, ஓர் இளைஞன், அவனுக்காகப் பட்டினி கிடக்கும் கறுத்த மனிதர்கள்.

ஆற்காட்டுக் கோட்டையின் டெல்லி வாசல் இன்னும் நிற்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

எதிரி வீட்டுப் பிள்ளை

மனப்பாடப் பாட்டுகளில் ஒன்று வேறு வகையில் விசித்திரம். ஃபெலிஷியா ஹேமன்ஸ் 1826இல் எழுதிய 'காசபியங்கா'. தீப்பிடித்த கப்பலின் மேல்தளத்தில் ஒரு சிறுவன் நிற்கிறான். அப்பா சொல்லாமல் நகர மாட்டேன் என்கிறான். அப்பா கீழே ஏற்கெனவே செத்துக் கிடக்கிறார். கப்பல் வெடிக்கிறது. பல தலைமுறை ஆங்கிலப் பிள்ளைகள் இதை ஒப்பித்து வளர்ந்தார்கள்.

அந்தக் கப்பல் பிரெஞ்சுக் கப்பல். 1798 ஆகஸ்டில் நைல் போரில் நெல்சனின் படை கொளுத்திய லோரியான். அதாவது அந்தப் பையன் எதிரி வீட்டுப் பிள்ளை. அவனைக் கொன்றது 'நம்' பீரங்கி. இது யாரையும் உறுத்தவில்லை. ஏனென்றால் பாட்டு கற்றுக்கொடுத்தது நாட்டுப்பற்றை அல்ல, கீழ்ப்படிதலை. சுரங்கத்துக்கும் நெசவாலைக்கும் போகப்போகிற பிள்ளைக்குச் சொன்ன இடத்தில் நிற்பதுதான் முக்கியம். எந்தக் கொடியின் கீழ் என்பது பிறகு. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிகளில் பேரரசு என்றால் போய் ஆளப்போகும் இடம். ஆரம்பப் பள்ளி ரீடரில் பேரரசு என்றால் கடமை, சிக்கனம், ஒழுங்கு. இரண்டையும் ஒரே 'ஏகாதிபத்தியப் பாடம்' என்று குழப்பிக்கொள்வது புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் முதல் பிழை.

ஜப்பானிலும் இதே அச்சு உண்டு. 1904 முதல் அங்கே பாடநூலை அரசே தயாரித்தது. சீனாவோடு நடந்த 1894 போரில் ஊதுகொம்பை வாயிலிருந்து எடுக்காமலே உயிர்விட்ட சிப்பாய் கிகுச்சி கோஹேய் நீதிபோதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். முதலில் அந்த வீரன் ஷிராகாமி என்ற வேறொருவர் என்றுதான் நாடு முழுக்கப் பாடினார்கள். பிறகுதான் பெயர் மாறியது. பெயர் மாறியும் பாடம் மாறவில்லை.

பிரிட்டனில் அரசுப் பாடநூல் கிடையாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாமஸ் நெல்சன், லாங்மன்ஸ், காசல், பிளாக்கி, மேக்மில்லன் என்று தனியார் பதிப்பகங்கள் போட்டி போட்டு விற்றன. ஒரு வகுப்புக்கு ஒன்று என்று ஆறேழு புத்தகத் தொடராக அச்சடிப்பார்கள். ஹேமன்ஸின் பாட்டுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நன்றாக விற்ற கதையை அடுத்த பதிப்பகமும் சேர்த்துக்கொள்ளும். இன்ஸ்பெக்டருக்கும் பள்ளி வாரியத்துக்கும் பாதிரியாருக்கும் யாருக்கும் கோபம் வராத உள்ளடக்கம் வேண்டும். மதம் பேசினால் சபைச் சண்டை. அரசியல் பேசினால் கட்சிச் சண்டை. நெல்சனைப் பற்றிப் பேசினால் வம்பில்லை. ஒரே மாதிரிக் கதைகள் பல பத்தாண்டு ஓடியதற்குக் கொள்கை வெறியைவிட இந்த வியாபாரக் கணக்கு பெரிய காரணம் என்றே தோன்றுகிறது.

இருந்தாலும் 1880களுக்குப் பிறகு சூடு ஏறியது உண்மை. 1867, 1884 சட்டங்களால் தொழிலாளர்களில் பெரும்பகுதிக்கு ஓட்டு கிடைத்துவிட்டது. ஓட்டுப் போடப்போகிறவனுக்கு நாட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாமா என்ற கவலையில் 1886இல் ஆர்னால்ட்-ஃபார்ஸ்டர் எழுதிய குடிமகன் ரீடர் காசல் வெளியீடாக வந்து பல பதிப்புகள் கண்டது. அவர் பின்னாளில் போர்த்துறை அமைச்சரானார். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் அடுத்த அதிர்ச்சி. பட்டாளத்தில் சேர வந்தவர்களில் பலர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 'இனம் தேய்கிறது' என்று பீதி கிளம்பியது. 1904இல் விசாரணைக் குழு அறிக்கையும் வந்தது. இலவச மதிய உணவு, உடற்பயிற்சி, சாரணர் இயக்கம், கொடி வணக்கம் எல்லாம் ஒரே பத்தாண்டில் பள்ளி வாசலுக்கு வந்து நின்றதற்கு இந்தப் பீதியும் ஒரு பின்னணி.

மே 24

பேரரசு தினம் அந்தக் காலத்துச் சரக்கு. முளைவிட்டது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 1890களின் கடைசியில். விக்டோரியா மகாராணியின் பிறந்த நாளான மே 24ஐ ஒட்டி. பிரிட்டனில் 1904 முதல் மீத் பிரபு அதை ஓர் இயக்கமாக நடத்தினார். பொறுப்பு, கடமை, பரிவு, தன்னலத் தியாகம் என்ற நான்கும் இயக்கத்தின் தாரக மந்திரம். அரசின் அதிகாரபூர்வ ஏற்பு 1916இல்தான் கிடைத்தது. அதுவரை பள்ளி நிர்வாகங்களின் விருப்பம்.

நிகழ்ச்சி ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே வரிசை. கொடியேற்றம், வணக்கம், பாட்டு, யாராவது பெரிய மனிதரின் பேச்சு, பிறகு வேஷம். ஒரு பெண் பிள்ளை சூலமும் கேடயமும் ஏந்தி பிரிட்டானியாவாக நிற்பாள். சுற்றிலும் கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று துணி சுற்றிய பிள்ளைகள். ரீடரில் வருஷம் முழுக்க வாசித்த பாட்டு இங்கே மேடையேறும். கடைசியில் பன்னும் அரைநாள் லீவும். பிள்ளைகளுக்கு அந்த நாள் ஏன் பிடித்தது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

காலனிகளின் ரீடர்கள் சில சமயம் தாய்நாட்டு ரீடர்களையே விஞ்சின. ஒன்டாரியோவில் 1909இல் வந்த அரசு ரீடர்களை ஈட்டன் என்ற பெரிய கடைக்காரர்கள் அச்சிட்டு மலிவு விலைக்குக் கொடுத்தார்கள். முகப்பில் கொடியும், 'ஒரே கொடி, ஒரே கடற்படை, ஒரே சிம்மாசனம்' என்ற வாசகமும். நியூசிலாந்து 1907இல் 'ஸ்கூல் ஜர்னல்' என்ற பள்ளி இதழை மூன்று வகுப்புப் பிரிவுகளாக இலவசமாக வெளியிடத் தொடங்கியது. புத்தகம் வருஷக்கணக்கில் பழசாகும், இதழோ புதிதாக வந்துகொண்டே இருக்கும் என்ற வசதி அதில் உண்டு. உலகப் படத்துக்கும் இதே கதை. 1898இல் கனடா வெளியிட்ட 2 சென்ட் தபால்தலையில் பேரரசு முழுவதும் சிவப்பு. மெர்கேட்டர் முறைப் படம் வடக்கு நாடுகளைப் பெரிதாக்கிக் காட்டும். கனடாவுக்கு அது கொள்ளை லாபம்.

'நாம்' என்றால் யார்?

இந்தியப் பள்ளிகளுக்கு வரும்போதுதான் இயந்திரம் கிறீச்சிடுகிறது. இங்கிலாந்து ரீடரின் செல்லச் சொல் 'வீ'. வீ வென்றோம், வீ ஆள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லுக்குள் லண்டன் பிரபுவும் மான்செஸ்டர் கூலியும் வாசிக்கும் பிள்ளையும் அடைபட்டுவிடுவார்கள். தமிழில் எழுதினால் உடனே தேர்ந்தெடுத்தாக வேண்டும்: நாமா, நாங்களா? 'நாம் பிளாசியில் வென்றோம்' என்று மதராஸ் பிள்ளையை வாசிக்கச் சொன்னால் சிரிக்கும். 'நாங்கள் வென்றோம்' என்று எழுதினால் குட்டு உடையும்.

ஆகவே இந்தியாவுக்கான புத்தகங்கள் வேறு வழி பிடித்தன. பம்பாய் மாகாண அதிகாரியாக இருந்த வில்லியம் லீ-வார்னர் 1897இல் இந்திய மாணவர்களுக்காகவே ஒரு குடிமைப் பாடநூல் எழுதினார். அதில் வீரக் கதை பின்னுக்குப் போய் நிர்வாகம் முன்னுக்கு வருகிறது. ஊரில் தொடங்கி, ஜில்லா, மாகாணம் என்று ஏறி, பேரரசில் போய் நிற்கும் ஏணி. ரயில், தபால், கோர்ட்டு, அமைதி: இவையெல்லாம் கிடைத்திருக்கிறதே, பார் என்ற நன்றிப் பாடம். அங்கே பிள்ளைக்குப் பெருமை. இங்கே பிள்ளைக்கு நன்றி. இரண்டும் ஒரே பேரரசு.

நன்றிப் பாடத்துக்கு ஒரு பயங்கரப் பின்னணியும் தேவைப்பட்டது. கல்கத்தா 'இருட்டறை' அதற்கு வாகாக அமைந்தது. 1756 ஜூன் 20 இரவு, சுமார் 18 அடிக்கு 15 அடி அறையில் 146 பேரை அடைத்தார்கள், காலையில் 23 பேர்தான் உயிரோடு வந்தார்கள் என்பது தப்பிவந்த ஹால்வெல்லின் கணக்கு. ரீடர்கள் இந்த எண்களை வேதம் போல் அச்சடித்தன. வைஸ்ராய் கர்சன் அங்கே செத்தவர்களுக்கான நினைவுத்தூணைப் புதிதாக எழுப்பினார். 1910களிலேயே கணக்கு பொருந்தவில்லை என்று கேள்வி எழுந்தது. 1959இல் வரலாற்றாசிரியர் பிரிஜென் குப்தா அடைபட்டவர் 64 பேர் அளவில் இருக்கலாம், தப்பியவர் 21 என்று கணித்தார். சுபாஷ் சந்திர போஸ் கிளப்பிய எதிர்ப்பில் 1940இல் தூண் நடுவீதியிலிருந்து தேவாலய வளாகத்துக்குப் போனது. சாவுகள் பொய்யல்ல. எண்ணிக்கைதான் ஊதியது, எண்ணிக்கைதான் மனப்பாடமும் ஆனது.

இதே கருவியை மறுபக்கத்தில் இருந்தவர்களும் கையில் எடுத்தார்கள். பாரதியின் பாப்பா பாட்டு 1915இல் வந்தது. சின்ன வரி, சந்தம், ஓரிரு அசையில் உடைபடும் சொற்கள், பிள்ளையை நேராக விளிக்கும் குரல், பின்பாதியில் தாயாக நாடு. ரீடர்ப் பாட்டின் எல்லா உறுப்பும் இருக்கின்றன, ராஜாவைத் தவிர.

ஒரு பழைய ரீடர் கையில் கிடைத்தால்

இணையக் காப்பகங்களில் இவை நிறையக் கிடைக்கின்றன. எடுத்த எடுப்பில் கொடிப் பாடத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் எந்த வகுப்புக்கான புத்தகம் என்று பாருங்கள். பல பிள்ளைகள் மேல் வகுப்பு எட்டுவதற்குள் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார்கள். பள்ளியைவிடும் வயதே 1893இல்தான் 11 ஆனது, 1899இல் 12. ஆறாம் வகுப்பு ரீடரில் இருக்கும் அருமையான ஏகாதிபத்தியக் கவிதையைப் பெரும்பாலான பிள்ளைகள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து தேதி. தலைப்புப் பக்கத்தில் 1905 என்றிருந்தால் அது மறுஅச்சா என்று பாருங்கள். உள்ளே இருப்பது 1870களின் உரையாக இருக்கலாம். போயர் போர் பாதிப்பு என்று கட்டுரை எழுதிவிட்டுப் பிறகு அசடு வழிய வேண்டாம். அதன் பிறகு பாடங்களை எண்ணுங்கள். மொத்தம் எத்தனை, போரும் பேரரசும் எத்தனை? பொறுக்கி எடுத்த மேற்கோள்களைப் படித்துவிட்டு முழுப் புத்தகத்தைத் திறப்பவர்களுக்கு நாயும் பூனையும் தேனீயும் இத்தனை பக்கம் பிடித்திருப்பது ஆச்சரியமாக இருக்கும்.

பிறகுதான் வாக்கியங்கள். தமிழ் இலக்கணம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும்: எழுவாய் எங்கே என்று தேடுங்கள். பேரரசு 'வளர்ந்தது', நாடுகள் 'சேர்ந்தன' என்று தன்வினையில் ஓடும் இடங்களில் பிறவினையை வைத்துப் பாருங்கள்: வளர்த்தது யார், சேர்த்தது யார்? மரம் போல் வளர்ச்சி, தாய் நாடு, பிள்ளை நாடு என்று குடும்ப உவமை வரும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயருள்ளவர் யார், பெயரற்றவர் யார் என்று இரண்டு பட்டியலாக எழுதினால் ஆற்காட்டுக் கஞ்சி போன்ற பாடங்கள் தாமாகவே திறந்துகொள்ளும். கடைசியில் இருக்கும் கேள்விகளை விட்டுவிடாதீர்கள். 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி எத்தனை, 'யார், எப்போது' என்று தொடங்குவது எத்தனை என்று எண்ணினாலே அந்த வகுப்பறையின் ஓசை கொஞ்சம் காதில் விழும்.

மிக மோசமான வாக்கியத்தை எடுத்து அதையே எல்லாப் புத்தகத்துக்கும் சாட்சியாக நிறுத்துவது இன்னொரு பொதுவான பிழை. 1911இல் ஃப்ளெட்சரும் கிப்ளிங்கும் சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சகத்தில் கொண்டுவந்த இங்கிலாந்து வரலாறு இதற்கு அடிக்கடி பலியாகும். மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின மக்களைச் சோம்பேறிகள், கட்டாயப்படுத்தாமல் உழைக்கமாட்டார்கள் என்று அதில் எழுதியிருப்பது உண்மை. ஆனால் அந்தப் புத்தகம் வந்தபோதே கடுமையாகச் சாடப்பட்டது. சாதாரண ரீடர் அந்த அளவுக்குக் கத்தாது. மிதமான குரலில், யாரையும் திட்டாமல், திரும்பத் திரும்பச் சொல்லும். ஆராய வேண்டியது அந்த மிதமான குரலைத்தான்.

இந்த வாசிப்பு பிள்ளைகள் மனதில் எவ்வளவு ஒட்டியது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. ஜான் மெக்கன்சி 1984இல், பள்ளி முதல் பிஸ்கட் டின் வரை பேரரசு எங்கும் பரவியிருந்தது என்று வாதிட்டார். பெர்னார்ட் போர்ட்டர் 2004இல் எதிர்த்தார்: தொழிலாளர் பிள்ளைகளுக்கு வரலாறே சரியாகச் சொல்லித்தரவில்லை, பேரரசு எங்கிருந்து ஒட்டும்? ஸ்டீஃபன் ஹீத்தோர்ன் ஆரம்பப் பள்ளி ரீடர்களையே தோண்டியவர். பாடவேளை அட்டவணையில் வரலாறு இல்லாவிட்டால் என்ன, வாசிப்புப் புத்தகத்தில் இருந்ததே என்பது அவர் வேலையிலிருந்து கிடைக்கும் பதில். அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்குப் போர்ட்டர் சரியாகத் தெரிவார். பிள்ளையின் உதட்டைப் பார்ப்பவருக்கு ஹீத்தோர்ன்.

உதடு என்றதும் ஒன்று. காசபியங்காவை ஒப்பித்த அதே உதடுகள் அதைக் கேலிப்பாட்டாகவும் மாற்றின. தீப்பற்றிய கப்பலில் நின்ற பையன் ஒரு கேலிப்பாட்டில் படி படியாக வேர்க்கடலை தின்றுகொண்டு நிற்கிறான். சந்தம் ஒரு மாத்திரைகூடப் பிசகவில்லை.